கொடைக்கானலில் சூரிய உதயம்: மூன்று காலைகளில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது?

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் கொடைக்கானலில் தங்கப் போவதாகவும், சென்ற முறை கோக்கர்ஸ் வாக் என்ற மலைவிளிம்பு நடைபாதையில் எடுத்த உதயப் படங்கள் எல்லாம் மேலே ஒரு வெள்ளைப் பொட்டும் கீழே கறுப்பு மலையுமாகவே வந்ததாகவும், இந்த முறை எந்த இடத்துக்குப் போனால் நல்ல படம் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில், நாலரை மணிக்கு வீட்டாரை எழுப்பிக் கூட்டிப்போவது அந்தச் சிரமத்துக்குத் தகுமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இடத்தின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போனால் சென்ற முறை வந்த படமே மறுபடியும் வரும். மலையில் எடுக்கும் உதயப் படத்தில் எவை நம் கையில் இருக்கின்றன, எவை இல்லை என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது என்று கொண்டு இதை எழுதுகிறேன். பழனி மலையில் குடியிருந்து, நாள்காட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் நிலக்காட்சிப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒளியையும் கேமராவையும் பற்றிச் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். வானிலையைப் பற்றிச் சொல்வது இங்கே நெடுங்காலம் காலையில் நின்று பார்த்த பழக்கத்தால் வருவது. அதை வானிலையியல் பயின்ற ஒருவரின் கூற்றாகக் கொள்ள வேண்டாம்.

சூரியன் எழும் நேரத்திலும் திசையிலும் ஐயத்துக்கு இடமில்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து வகுக்கப்பட்டது. கொடைக்கானல் ஏறத்தாழ 77.5 பாகையில் இருப்பதால் இங்கே சூரியன் அந்தக் கணக்குக்கு 20 நிமிடம் பிந்தியே வருகிறது. மே மாதக் கடைசியில் ஆறு மணிக்கு ஓரிரு நிமிடம் முன்னதாக எழும் சூரியன், ஜனவரி பிற்பகுதியில் 6.40-ஐத் தாண்டித்தான் எழுகிறது. பகல் மிகக் குறுகிய நாள் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும் உதயம் மிகவும் பிந்துவது அதற்கு ஒரு மாதம் கழித்தே என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் அந்த ஒரு மாதத்தில் உச்சிவேளையே நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. பொங்கலன்று உங்களுக்கு உதயம் 6.40-ஐ ஒட்டி. ஆகவே நாலரை மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஊருக்குள் தங்கியிருந்தால் ஐந்தேகாலுக்கு எழுந்து ஆறு மணிக்கு இடத்தில் நின்றால் போதும்.

ஆனால் அந்த ஆறு மணியைத் தவறவிடக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் நம் பக்கத்தில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறுகிறது. நிலம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குவதற்கும் சூரியன் தலைகாட்டுவதற்கும் இடையே 20 நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் கிடைக்கும். மேல்விளிம்பு தெரிந்து முழுவட்டமும் வெளிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். குளிர்நாட்டு மலைகளில் படமெடுப்பவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு, நிறம் நெடுநேரம் நிற்கும் என்று நம்பி வருகிறவர்கள் இங்கே ஏமாந்து போவது இதனால்தான். உயரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி அதைவிட ஏறத்தாழ 1,800 மீட்டர் தாழ்வில் கிடப்பதால் நமக்கு அடிவானம் ஒரு பாகைக்கு மேல் இறங்கிவிடுகிறது. கணக்குப்படி சூரியன் நாள்காட்டி காட்டும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தெரிய வேண்டும். நடைமுறையில் சமவெளியின் மேல் படிந்திருக்கும் மூட்டம் அந்த ஐந்து நிமிடத்தையும், சில நாள் அதற்கு மேலும், விழுங்கிவிடுகிறது; அப்படிப்பட்ட காலைகளில் சூரியன் விளிம்பு விளிம்பாக எழாமல், மூட்டத்துக்கு மேலே முழுவட்டமாகவே தோன்றும்.

திசையைப் பொறுத்தவரை, ஆண்டு முழுவதும் சூரியன் எழும் இடம் நேர்கிழக்குக்கு இருபுறமும் ஏறத்தாழ 24 பாகை நகர்கிறது. ஜனவரி நடுவில் அது கிழக்கிலிருந்து தெற்கே 20 பாகைக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும். கோக்கர்ஸ் வாக் மலையின் தெற்கு விளிம்பில் தென்கிழக்கைப் பார்த்தபடி அமைந்திருப்பதால் மார்கழி, தை மாதங்களுக்கு அது பொருத்தமான இடம். ஆனி மாதத்தில் அங்கே நின்றால் சூரியன் இடதுபுறம் மலைக்குப் பின்னால் ஒதுங்கிவிடும். வட்டக்கானலைத் தாண்டியுள்ள டால்பின் மூக்குப் பாறைக்கும் கணக்கு ஏறத்தாழ இதுதான். குறிஞ்சி ஆண்டவர் கோயில் வடக்கே பழனியைப் பார்ப்பது. அங்கே சூரியன் படத்துக்குள் வராது, பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் கிடைக்கும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கட்டணம் வாங்கும் காட்சிமுனைகளின் கதவு உதயத்துக்கு முன் திறந்திருக்கும் என்று நம்பிவிடாமல் முந்தைய நாள் மாலையே விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்குப் போகிறவர்களுக்கும் இதே போன்ற கணக்கு உண்டு: உதகை நகரம் சுற்றிலும் குன்றுகள் சூழக் குழிவில் இருக்கிறது, கிழக்கே 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நிற்கிறது, ஆகவே ஊருக்குள் வெயில் பிந்தித்தான் இறங்கும், உதயம் பார்க்கக் குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் கிழக்கு விளிம்புகளே ஏற்றவை.

அடுத்து வரும் மேகமும் வானத்தின் நிறமும் பாதி உறுதியானவை. இந்த மலையில் சூரியனைப் படமெடுப்பது புதிய வேலையும் அன்று. 1899-ல் இங்கே நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்ததும் இங்கேதான். அவர்களுக்கும் தடையாக நிற்பது மேகமே. பழனி மலையின் கிழக்குப் பகுதிகளுக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். அது ஓய்ந்தபின் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் காலைகள் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வங்கக் கடலில் தாழ்வுநிலை ஒன்று உருவாகிவிட்டால் தை மாதத்திலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கொள்ளும். முன்னறிவிப்பைப் பார்க்கும்போது மேகமூட்டம் இத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்று பிரித்துக் காட்டும் தளங்களைப் பாருங்கள். வானத்துக்கு நிறம் தருவது பெரும்பாலும் உயர்மேகம். அடிவானத்தை ஒட்டி வரும் சூரிய ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளி கடப்பதைப் போல முப்பது மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்தாக வேண்டும். நீலம் வழியிலேயே சிதறிப்போக, எஞ்சிய சிவப்பும் ஆரஞ்சும் உயர்மேகத்தின் அடிப்பக்கத்தில் படுகின்றன. மேகமே இல்லையென்றால் அந்த நிறம் படுவதற்கு ஒரு பரப்பு இல்லை. துளி மேகமற்ற வானத்தைத்தான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறார்கள். படம் எடுப்பவருக்கு அது சுமாரான காலை. காற்றில் தூசி இருந்தால் நிறம் கூடும் என்று சொல்லப்படுவதும் முழுதாகச் சரியன்று: பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடித்து வானத்தை வெளிறச் செய்யும். உயர்மேகம் இருந்தும் நிறம் எழாத காலைகள் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கிழக்கே, நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில், தடித்த மேகம் நின்று ஒளியின் வழியை அடைத்துவிடுவதுதான்.

யாராலும் உறுதி சொல்ல முடியாத ஒன்றைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்: காலடியில் விரியும் மேகக் கடல். அது எப்படி உண்டாகிறது என்பதில் குழப்பம் இல்லை. காற்றடங்கிய தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிக் குளிர்ந்த கனத்த காற்று சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதற்கு மேலே ஒப்பளவில் வெதுவெதுப்பான காற்று அமர்ந்துவிடுகிறது. கீழே ஈரம் போதுமான அளவு இருந்தால் அது மூடுபனியாகவும் தாழ்மேகமாகவும் திரண்டு, மேலிருக்கும் அந்த வெப்பக் காற்றைத் தாண்டி ஏற முடியாமல் பரவி நிற்கிறது. நீங்கள் அந்த மேல்மட்டத்துக்கு மேலே நின்றால் கடல். அதற்குள் நின்றால் வெறும் வெண்மை. மட்டம் 100 மீட்டர் ஏறுவதோ இறங்குவதோதான் உங்கள் காலையைத் தீர்மானிக்கிறது, அதை முந்தைய நாள் இரவில் சொல்வதற்கு வழியில்லை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்கள் மேகத்துக்குள் மூழ்கியிருக்கும் அதே நேரத்தில் கொடைக்கானல் வெயிலில் இருப்பதுண்டு. ஓரிரு நாள் முன்பு மழை பெய்து விட்டிருப்பதும், இரவில் இலை அசையாதிருப்பதும், புல்லில் பனி கனமாக இறங்கியிருப்பதும் நல்ல அறிகுறிகள். அறிகுறிகள் என்பதற்கு மேல் அவற்றுக்கு மதிப்புத் தர வேண்டாம். நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. ஐந்தரை மணிக்கு விடுதி வாசலில் நின்று தலைக்கு மேல் விண்மீன்கள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கிளம்ப வேண்டும், கீழே என்ன இருக்கிறது என்பது போன பிறகுதான் தெரியும். சூரியன் ஏறிச் சரிவுகள் சூடானதும் காற்று திசைமாறி மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது, எட்டு எட்டரைக்கெல்லாம் கீழே கிடந்த மேகமே எழுந்துவந்து காட்சிமுனையை மூடிவிடும். ஒன்பது மணிக்கு வேனில் வந்து இறங்கி, ஒன்றுமே தெரியவில்லை, டிக்கெட் காசு வீண் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறவர்கள், இரண்டு மணி நேரம் முன்பு காலடியில் பரந்து கிடந்த அதே மேகத்துக்குள்தான் நிற்கிறார்கள்.

இனி உங்கள் வெள்ளைப் பொட்டுக்கும் கறுப்பு மலைக்கும் வருவோம். மூட்டத்தைத் தாண்டி மேலே வந்துவிட்ட சூரியனை ஒட்டிய வானத்துக்கும் இன்னும் நிழலில் கிடக்கும் சரிவுக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு ஆயிரம் மடங்கை எளிதில் தாண்டும். கண் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. கேமராவில் ஒளியை வாங்கும் சென்சார் இரண்டையும் ஒரே கணத்தில் ஒரே அளவில் வாங்கியாக வேண்டும். எனவே வட்டம் முழுதாக வெளிவந்த கணத்தை முதன்மையாகக் கொள்ளாமல், அதற்கு முந்தைய 20 நிமிடத்தை முதன்மையாகக் கொள்ளுங்கள். அப்போது வானத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு கேமராவின் எல்லைக்குள் அடங்கும். டிரைபாடில் நிறுத்தி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸின் திறப்பைக் குறிக்கும் அப்பர்ச்சர் எஃப் 8 என்று வைத்தால் தொடக்கத்தில் ஷட்டர் சில வினாடிகள் திறந்திருக்க வேண்டிவரும். சூரியன் எழுந்தபின் அதே அமைப்பில் நூற்றில் ஒரு வினாடிக்கும் குறைவே போதும். இடையில் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. வெளிச்சத்தை அளவெடுக்கும்போது சூரியன் இருக்கும் இடத்தை விலக்கி, அதற்குப் பக்கத்து வானத்தில் அளவெடுத்துப் பூட்டிக்கொண்டு பிறகு சட்டகத்தை அமைக்க வேண்டும். படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் உதயத்தில் முதலில் நிரம்பி வழிவது சிவப்பு. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஒற்றை வரைபடம் குறையில்லாமல் தெரியும்போதே சிவப்பு வெட்டுப்பட்டு, நீங்கள் கண்ட செம்மை படத்தில் தட்டையான மஞ்சளாகிவிடும். அப்படி வெட்டுப்பட்டதை மீட்க முடியாது. இருட்டை, கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்பில் ஓரளவு தூக்கலாம். நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழும், அவ்வளவே. நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா செம்மையைக் குறை என்று எண்ணித் திருத்திவிடும், ஆகவே டேலைட்டில் வையுங்கள். மேற்பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டரைப் பலர் பரிந்துரைப்பார்கள். கடற்கரையில் அது நன்று. மலையில் முகடுகள் நேர்கோட்டில் இல்லாததால் சிகரத்தின் தலையையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். வெவ்வேறு வெளிச்ச அளவில் இரண்டு மூன்று படம் எடுத்துப் பின்னால் இணைப்பதையே நான் விரும்புகிறேன், மேகம் வேகமாக ஓடாத காலைகளில்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இறக்கினாலே பாதிக் குறை தீரும். மறுபாதி சூரியனின் அளவு. வானில் அதன் தோற்ற அகலம் அரைப் பாகை மட்டுமே. அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்யும் மயக்கம், லென்ஸுக்கு அந்த மயக்கம் கிடையாது. கைப்பேசியின் முதன்மை லென்ஸ் காட்டும் அகன்ற காட்சியில் அது படத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்கைக் கூட எட்டாது. சூரியன் பெரிதாக வேண்டுமென்றால் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸ் கையில் இருந்தால் சூரியனைவிட நல்ல பொருளொன்றும் அதில் சிக்கும்: தொலைவு கூடக் கூட இடைப்பட்ட காற்றில் சிதறும் ஒளி சேர்ந்துகொண்டே போவதால் ஒவ்வொரு முகடும் அதற்கு முன்னாலிருப்பதைவிட வெளிறி, அடுக்கடுக்காகத் தெரிவது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் பழைய வகை வியூஃபைண்டரில் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கக் கூடாது, விழித்திரைக்கு மீளாத கேடு வரும்; கேமராவின் பின்திரையில் பார்த்து எடுங்கள்.

உழைப்புக்குப் பலன் என்று நான் கருதுபவற்றில் பெரும்பாலானவை சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் கிடைப்பவை. மேற்கே திறந்த மேடான இடத்தில் உதயத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு திரும்பிப் பார்த்தால், அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்றும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழிருக்கும் நீலப் பட்டை, வளிமண்டலத்தின் மேல் விழும் பூமியின் நிழல். சூரியன் நெருங்க நெருங்க அது இறங்கி மறைகிறது. கேமராவுக்கு எந்தச் சிக்கலும் தராத, சாதாரணக் கைப்பேசியிலும் நன்றாக வரும் படம் இது, இருந்தும் கோக்கர்ஸ் வாக்கில் கூடும் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1863-ல் உருவாக்கப்பட்ட ஏரியில் காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் தை மாதக் காலைகளில் நீரிலிருந்து ஆவி எழும். சுற்றிலும் மேடும் மரங்களும் இருப்பதால் அங்கே வெயில் விழ அடிவான உதயத்துக்குப் பின் நெடுநேரம் ஆகும், ஆகவே காட்சிமுனையில் வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தாலும் பிடித்துவிடலாம். ஜிம்கானா, பாம்பார்புரம் பக்கம் புல்லில் உறைபனி படிந்திருந்தால் அதற்குத்தான் முதலிடம் தர வேண்டும். வெயில் பட்டதும் அது கரைந்துவிடும். பூம்பாறையின் அடுக்கு வயல்களில் சாய்வான வெயில் ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு நிழல் போடும் நேரம் உதயத்துக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது. கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனியின் மேல் தன் நிழலும் அதைச் சுற்றி நிறவளையமும் தெரியும் பிராக்கன் தோற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குச் சூரியன் முதுகுப்புறமும் பனி எதிரேயும் இருக்க வேண்டும். அந்த நடைபாதை தென்கிழக்கைப் பார்ப்பதால், அங்கே அதைக் காலையில் தேடுவதைவிடப் பிற்பகலில் தேடுவதே முறை.

சிரமங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. குளிரில் பேட்டரி விரைவில் சோர்ந்துவிடும், இன்னொன்றைச் சட்டையின் உட்பையில் வையுங்கள். வெட்டவெளியில் நிற்கும் லென்ஸின் முகப்பில் பனி படியும், மெல்லிய பருத்தித் துணி போதும். திரும்பி வெதுவெதுப்பான அறைக்குள் போகும்போது கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரைமணி நேரம் வையுங்கள், இல்லையென்றால் ஈரம் உள்ளே படியும். இருட்டில் ஊருக்குள்ளேயே காட்டெருமைகள் நடமாடும். டார்ச் இல்லாமல் நடக்க வேண்டாம், எதிரே நின்றால் படம் எடுக்க நெருங்காமல் ஒதுங்கி வழி விடுங்கள். உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. பொங்கல் கூட்டத்தில் கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வனத்துறைச் சாலைகளுக்கும் டிரோனுக்கும் அனுமதி இல்லாமல் போக நினைக்க வேண்டாம்.

தகுமா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது: சிவந்த வட்டம் ஒன்று நடுவில் நிற்கும் படத்துக்காக மட்டும் எழுவதாக இருந்தால் தகாது, அந்தப் படம் ராமேசுவரத்திலும் மெரினாவிலும் இதைவிட எளிதாகக் கிடைக்கும். மலைச்சரிவும் மூடுபனியும் வெயிலும் சேரும் ஒரு மணி நேரத்துக்காக எழுவதாக இருந்தால் தகும். மூன்று நாளையும் ஒரே இடத்தில் செலவிடாதீர்கள். முதல் நாள் நீங்கள் தனியாகக் கோக்கர்ஸ் வாக்குக்கோ வட்டக்கானல் பக்கமோ போய், சூரியன் எங்கே எழுகிறது, மேகத்தின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாருங்கள். விண்மீன் தெரியும் இரண்டாம் நாளில், முதல் நாள் பார்த்து வைத்த இடத்துக்கு வீட்டாரையும் கூட்டிப்போய், அப்படியே ஏரிக்கு இறங்கிவிடலாம். முதல் இரண்டு நாளும் ஊர் மூடுபனிக்குள் இருந்தால் மூன்றாம் நாள் அடிவானத்தையே விட்டுவிட்டுச் சாலையோரப் பைன், யூகலிப்டஸ் மரங்களுக்குப் போங்கள். பனி மெலியும் நேரத்தில் கிளைகளுக்கிடையே வெயில் கற்றை கற்றையாக இறங்கும், அதற்கு ஏழரை மணிக்குப் போனாலே போதும், வீட்டாரும் உறங்கி எழுந்து வரலாம்.